மீட்டர் பெட்டி வரைக்கும்

ஆறு மாதத்துக்கு ஒரு முறை என்னைப் பதினேழு இடங்களில் கிள்ளிப் பார்க்கிறார்கள். விரல், புறங்கை, முன்கை, மேல்கை என்று இரண்டு பக்கமும் சேர்த்து எட்டு. முகம், நெஞ்சு, வயிறு மூன்று. தொடை, கெண்டைக்கால், பாதம் என்று மறுபடி இரண்டு பக்கமும் ஆறு. டாக்டரம்மா ஒவ்வோர் இடத்திலும் தோலை இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பார்ப்பார். பார்த்துவிட்டு சைபர், ஒன்று, இரண்டு, மூன்று என்று ஒரு எண்ணைச் சொல்வார். பக்கத்தில் இருக்கும் பயிற்சி டாக்டர் எழுதிக்கொள்வார். சைபர் என்றால் தோல் எல்லாரையும் போல மடிகிறது. மூன்று என்றால் கிள்ளவே வராது. முதல் தடவை என் விரல்களிலும் புறங்கையிலும் எல்லாம் மூன்று.

எட்டாவது பாதியில் பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். எண் குறையக் குறைய நல்லது என்கிற பரீட்சையை அதுவரை பார்த்ததில்லை. அதிக மார்க் வந்திருக்கிறதே என்று அன்று உள்ளுக்குள் கொஞ்சம் மகிழ்ந்துகூட இருப்பேன்.

நோயின் பெயர் சிஸ்டமிக் ஸ்கிளீரோசிஸ். தோல் இறுகும் நோய் என்று தமிழிலும் எழுதிக் கொடுத்தார்கள். வெளியிலிருந்து வரும் கிருமியை அடிக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தி, தடம் மாறிச் சொந்த உடம்பையே அடிக்கிறது. அடிபட்ட இடமெல்லாம் தழும்பு போல இறுகிவிடுகிறது. தோலில் நடப்பது கண்ணுக்குத் தெரியும். நுரையீரலில் நடப்பது தெரியாது. இந்தக் கதை முழுக்க அந்த நுரையீரலைப் பற்றியதுதான்.

பதினைந்து வயதில் முசிறிப் பக்கத்து எங்கள் ஊரிலிருந்து கிளம்பினேன். லாரியில் கிளீனர், நாக்பூரில் ஒரு மெஸ், அப்புறம் போர் வண்டி. போர் வண்டி என்றால் ஆழ்துளைக் கிணறு போடும் லாரி. தமிழ்நாட்டு ஆட்கள் அந்த வண்டியோடு சத்தீஸ்கர், ஒடிசா, மத்தியப் பிரதேசம் என்று ஊர் ஊராகப் போவோம். வண்டிதான் வீடு. பாறையை இயந்திரம் துளைக்கும்போது மாவு மாதிரி வெள்ளைத் தூசி எழும்பி ஆளை மூடும். துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு நிற்போம். பதினாறு வருடம் அப்படிப் போயிற்று. நடுவில் இரண்டு வருடம் துவாக்குடிப் பக்கம் இரும்புத் தகடுகளின் துருவை மணலைப் பீய்ச்சி எடுக்கும் ஷெட்டில் வேலை பார்த்தேன்.

"தூசி இருக்கிற வேலையா?" என்று டாக்டரம்மா முதல் நாள் கேட்டார்.

"தூசிதாங்கம்மா வேலையே."

அந்தக் கல்தூசிக்கும் இந்த நோய்க்கும் தொடர்பு உண்டு என்றார். என் விஷயத்தில் அதுதான் காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது என்றும் சொன்னார். எனக்கு யார்மீதும் கோபம் வரவில்லை. அந்த வேலையை நான்தான் தேடிப் போனேன். ஓர் இடத்தில் ஒரு வாரத்துக்கு மேல் இருக்க வேண்டியதில்லை என்பதற்காகவே அது எனக்குப் பிடித்திருந்தது.

ராய்ப்பூர் தாண்டி ஒரு கிராமத்தில் மார்கழிக் காலையில் முதலில் விரல் வெளுத்தது. சுண்ணாம்பு அடித்த மாதிரி ஆகி, பிறகு நீலமாகி, கடைசியில் சிவந்து எரிந்தது. குளிர் என்று விட்டுவிட்டேன். அப்புறம் திருச்சியில் சித்திரை வெயிலில், ஒரு தம்ளர் ஐஸ் மோர் பிடித்ததற்கே அப்படி ஆயிற்று. வாய் சிறுத்துக்கொண்டு வந்தது. மெதுவடையை நாலாகப் பிய்த்துப் போட வேண்டியிருந்தது. ரேஷன் கடைக் கருவியில் கட்டைவிரலை வைத்தால் அது என்னை யாரென்று தெரியவில்லை என்றது.

என் தங்கை வீடு ஸ்ரீரங்கத்தில். மாடி வீடு, வெளிப்பக்கமாகப் படி. அவள் கணவர் ஆட்டோ ஓட்டுகிறார். வடக்கேயிருந்து வரும்போதெல்லாம் நாலு நாள் அங்கே தங்கிவிட்டுக் கிளம்புவேன். அந்தத் தடவை என் முகத்தைப் பார்த்து அவர்தான் சிரித்தார்.

"மச்சானப் பாரு. நமக்கெல்லாம் மூஞ்சி தொங்கிப்போச்சு, அவருக்கு ஒரு சுருக்கம் இல்ல. என்ன மச்சான், வடக்க ஏதும் கிரீமு விக்கிறாங்களா?"

தங்கை சிரிக்கவில்லை. "அண்ணே, உன் மூக்கு இப்படிக் கூரா இருக்காதே" என்றாள். மறுநாளே என்னை ஆட்டோவில் ஏற்றினாள். நாலு நாள் என்று வந்தவன் அதற்கப்புறம் கிளம்பவேயில்லை.

மன்னார்புரம் தாண்டி ஒரு மருத்துவமனை. வாதநோய்ப் பிரிவு மூன்றாவது மாடியில். டாக்டரம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். அவசரப்படாமல் பேசுவார். ஸ்கேன் எடுத்து, இரத்தம் எடுத்து, எதிர்ப்புச் சக்தியை மட்டுப்படுத்தும் மாத்திரை ஒன்றை ஆரம்பித்தார். காலை இரண்டு, இரவு இரண்டு. காப்பீட்டு அட்டையில் அந்த மாத்திரை வர, அவரே இரண்டு முறை கடிதம் எழுதினார். ஒருமுறை என் எதிரிலேயே போனில் யாருடனோ அரைமணி நேரம் வாதாடினார். என் வாழ்க்கையில் எனக்காக ஒரு படித்த மனுஷி அவ்வளவு நேரம் பேசி நான் கேட்டதில்லை.

தப்பு அங்கேதான் ஆரம்பித்தது.

எங்கள் பக்கத்தில் யாராவது நல்ல மனதோடு "எப்படி இருக்கீங்க" என்று கேட்டால் "பரவால்லைங்க" என்றுதான் சொல்வோம். கால் ஒடிந்து கிடந்தாலும் அதுதான் பதில். கேட்டவருக்கு நாம் செய்யும் மரியாதை அது. தங்கை ஒவ்வொரு தடவையும் கிளம்பும்போது வாசலில் நின்று சொல்லி அனுப்புவாள்.

"அவங்க எவ்ளோ கஷ்டப்பட்டு மருந்து வாங்கிக் குடுத்திருக்காங்க. அங்க போயி மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு அது வலிக்குது இது வலிக்குதுன்னு அடுக்காத. நல்லாருக்குன்னு சொல்லு. அவங்களுக்கும் மனசு நெறயும்ல?"

எனக்கும் அது சரியாகத்தான் பட்டது. போகப் போக நான் அதற்கு மேலும் போனேன். ஆஸ்பத்திரி நாளில் விடிந்ததும் மொட்டை மாடிக்குப் போய், கை கால் முகம் நெஞ்சு எல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து வெயிலில் ஒரு மணி நேரம் உட்காருவேன். சீயக்காய் போடாமல் வெந்நீரில் மட்டும் அலசுவேன். தோல் கொஞ்சம் இளகின மாதிரி இருக்கும். அப்படியே போய்க் கிள்ளக் கொடுப்பேன். மூன்று போட்ட இடத்தில் இரண்டு, இரண்டு போட்ட இடத்தில் ஒன்று என்று டாக்டரம்மா சொல்லும்போது, எண்ணெய்க்குப் பலன் இருக்கிறது என்று நினைத்துக்கொள்வேன்.

"தோல் நல்லா இளகிட்டு வருது. மூச்சு எப்படி?"

"பரவால்லைங்கம்மா."

"படி ஏறினா வாங்குதா?"

"அதெல்லாம் இல்லைங்க."

வாங்கியது. தங்கை வீட்டுக்கு இருபத்திரண்டு படி. பதினாலாவது படி பக்கத்துச் சுவரில் மின்சார மீட்டர் பெட்டி இருக்கிறது. ஆடி மாதத்திலிருந்து அங்கே நிற்க ஆரம்பித்தேன். சும்மா நின்றால் கீழ்வீட்டுக்காரர்கள் கேட்பார்கள் என்று, பெட்டிக் கண்ணாடிக்குள் எட்டிப் பார்ப்பது மாதிரி நிற்பேன். மூச்சு அடங்கினதும் மீதி எட்டுப் படி.

தங்கைக்குச் சமையலறையிலிருந்தே என் செருப்புச் சத்தம் நிற்பது கேட்கும்.

"தினம் மூணு வாட்டி மீட்டர் பாக்குற ஆளு இந்த ஸ்ரீரங்கத்துலயே நீதான். கரண்டு ஆபீஸ்ல சேத்துக்கிட்டாங்களா உன்ன?"

"ரொம்ப வேகமா ஓடுதும்மா அது."

"ஓடும் ஓடும்."

அவளுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். வடக்கே பல இடங்களில் காய்ச்சலோடு வேலை பார்த்திருக்கிறேன், உடைந்த விரலோடு துளை போடும் இரும்பு ராடு தூக்கியிருக்கிறேன். உடம்பு கஷ்டப்படுவது எனக்குச் செய்தியே இல்லை. இதுவும் அப்படித்தான், இரண்டு மாதத்தில் பழகிவிடும் என்று நினைத்தேன்.

அந்த வருட ஐப்பசியில் பெரிய பரிசோதனை. முதலில் நடை. நடைக்கூடத்தில் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளித் தள்ளிப் போட்டிருப்பார்கள். ஆறு நிமிடத்தில் எத்தனை தடவை போய்த் திரும்புகிறோம் என்று எண்ணுவார்கள். போர் வண்டியில் கொதிக்கும் வெயிலில் இரும்பு ராடு சுமந்தவனுக்கு ஒரு வித்தை தெரியும். ஒரே சீராக, நாலு எட்டுக்கு ஒரு மூச்சு, பேசாமல் கொள்ளாமல் நடக்க வேண்டும். அப்படியே நடந்தேன். அதற்கு முன்னால் பெஞ்சில் ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்ததை யாரும் கேட்கவில்லை. ஆக்சிஜன் பார்க்கும் கருவி என் விரலில் எதையும் காட்டாது, அவ்வளவு இரத்த ஓட்டம் அங்கே இல்லை. காது மடலில் மாட்டினார்கள். கொஞ்சம் இறங்கியது, பயப்படும்படி இல்லை.

அடுத்தது ஊதுவது. மூக்கில் கிளிப்பைப் போட்டு, ஒரு குழாயை வாயில் வைத்து, ஒரே மூச்சில் ஊத வேண்டும். ஊத வைக்கும் பையன் மைதானத்தில் கத்துவது போலக் கத்துவான்.

"ஊதுங்க ஊதுங்க ஊதுங்க! விடாதீங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்... அண்ணே, ஓரத்துல காத்துப் போவுது. உதட்ட இறுக்கி மூடுங்க."

"உதடு அவ்ளோதான் தம்பி வரும்."

என் வாய் சிறுத்து உதடு மெலிந்துவிட்டதால் குழாயைச் சுற்றி மூட வரவில்லை. மூன்று முறை ஊதினேன். மூன்றிலும் எண் போன தடவையைவிட நன்றாகக் குறைந்திருந்தது. காற்று ஒழுகியது என்று அவன் தாளின் ஓரத்தில் குறிப்பு எழுதினான்.

டாக்டரம்மா தாள்களைப் பரப்பி வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"தோல் நல்லாருக்கு. நடையும் நல்லாருக்கு. ஊதினது மட்டும் குறைஞ்சிருக்கு. அது வாய் மூடாததாலயான்னு தெரியல. நுரையீரல் நிஜமாவே இறங்குதுன்னா மாத்திரை மட்டும் போதாது. வேற மருந்து இருக்கு, நரம்புல ஏத்தறது. ஆனா அது சாதாரண மருந்து இல்ல, கிருமி தொத்திக்கும், அவசியம் இல்லாம போடக்கூடாது. நீங்க சொல்லுங்க. ஆறு மாசத்துக்கு முன்ன இருந்ததுக்கு இப்ப மூச்சு எப்படி?"

என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த நிமிடத்தில் எல்லாமே என் பதிலில்தான் நின்றது என்பது அன்று எனக்குத் தெரியாது. அவர் முகத்தில் களைப்பு இருந்தது. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள்.

"பரவால்லைங்கம்மா."

"அப்ப மூணு மாசம் பாப்போம்" என்று எழுதிக் கொடுத்தார். அவரைத் திருப்திப்படுத்திவிட்டோம் என்ற சந்தோஷத்தோடு வெளியே வந்தேன்.

கீழே மருந்துக் கவுண்டரில் நின்றபோதுதான் என் ஆஸ்பத்திரி நோட்டை மேலேயே விட்டுவிட்டது தெரிந்தது. லிஃப்டில் ஸ்ட்ரெச்சரை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். படியில் ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் முடியவில்லை. அங்கே மீட்டர் பெட்டி கிடையாது. உட்கார்ந்துவிட்டேன். யாரோ மேலிருந்து இறங்கி வரும் சத்தம் கேட்டதும், குனிந்து செருப்பைப் பிடித்துக்கொண்டேன்.

டாக்டரம்மாதான். கையில் சாப்பாட்டுப் பை.

"என்ன, இங்க உக்காந்திருக்கீங்க?"

"செருப்பு... வாரு... கழண்டுருச்சும்மா."

அவர் என் காலைப் பார்த்தார். "எந்தச் செருப்பு?"

நானும் பார்த்தேன். இரண்டு ரப்பர் செருப்பிலும் வார் ஒழுங்காக இருந்தது. இடது செருப்பின் வாரைப் பிடுங்கிவிட்டாவது சொல்லியிருக்கலாம். அதற்குக்கூட மூச்சு இல்லை.

அவர் போகவில்லை. பையைக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்துவிட்டு மணிக்கட்டில் கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார். என் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணுகிறார் என்று புரிந்தது. கொஞ்சம் அடங்கினதும், "ஒண்ணுலேருந்து ஒரே மூச்சுல எண்ணுங்க. போற வரைக்கும் போங்க" என்றார்.

எண்ணினேன். பதினொன்று வந்தது. பன்னிரண்டு வாய் வரைக்கும் வந்து சத்தமில்லாமல் போயிற்று.

"எட்டாங்கிளாஸ் வரைக்கும் படிச்சேன்னீங்க?"

"எண்ணு தெரியுதும்மா. காத்துதான் இல்ல."

அவர் சிரிக்கவில்லை. "வீட்டுல மாடிப் படி இருக்கா?"

"இருக்கும்மா. இருபத்திரெண்டு."

"எங்க நிக்கிறீங்க?"

"மீட்டர் பெட்டிகிட்ட. பதினாலு."

"எவ்ளோ நாளா?"

"ஆடியிலேருந்து. அதுக்கு முன்ன நிக்காம ஏறிருவேன்."

"இப்பதான மேல கேட்டேன்? ஏன் சொல்லல?"

எனக்கு அழுகை எதுவும் வரவில்லை. வெட்கமாக இருந்தது. "நீங்க அவ்ளோ பேரோட சண்டை போட்டு அந்த மருந்த வாங்கிக் குடுத்தீங்க. அது கேக்கலன்னு உங்ககிட்ட எப்படிம்மா சொல்றது?"

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். "மருந்து என்ன நான் சமைச்ச சாம்பாரா? நல்லாயில்லன்னா கோவிச்சுக்க?"

சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு மறுபடி மேலே ஏறினார். என்னை லிஃப்டுக்காகக் காத்திருக்கச் சொன்னார். நான் போய்ச் சேரும்போது மூன்று மாதம் என்று எழுதியதை அடித்துவிட்டு ஸ்கேனுக்கு எழுதிக்கொண்டிருந்தார். சாப்பாடு மேஜைமேல் பிரிக்காமல் இருந்தது.

ஸ்கேனில் நுரையீரலின் அடிப்பாகம் போன வருடத்தைவிடக் கூடுதலாக வெளுத்திருந்தது. தழும்பான இடம் திரும்பாது என்றார். இன்னும் ஆகாத இடத்தைக் காப்பாற்றத்தான் பார்க்கிறோம். அந்தப் பேச்சுக்குத் தங்கையும் வந்திருந்தாள். ஆடியிலேயே சொல்லியிருக்கலாமா என்று நான் கேட்டேன். சொல்லியிருக்கலாம் என்று அவர் ஒளிக்காமல் சொன்னார். தங்கை தலையைக் குனிந்துகொண்டாள். வாசலில் நின்று சொல்லி அனுப்பியதை நினைத்திருப்பாள். நானும் அதைப் பற்றி அவளிடம் ஒருநாளும் பேசவில்லை. சொன்னது அவள், ஆனால் வாய் என்னுடையது.

புது மருந்தின் பெயர் ரிட்டுக்ஸிமாப். பேருந்து டிக்கெட்டின் பின்னால் எழுதி வைத்துக்கொண்டு மனப்பாடம் செய்தேன். "இரத்தத்துல ஒரு வகை வெள்ளணு இருக்கு. அதுதான் தப்பான உத்தரவு குடுக்குதுன்னு நினைக்கிறோம். இந்த மருந்து அதத் தேடிப் போயி அழிக்கும்" என்று டாக்டரம்மா விளக்கினார்.

தங்கை கேட்டாள். "கேன்சருக்குப் போடற மருந்தாமேங்க? கீழ்வீட்டு அக்கா போன்ல பாத்துச் சொன்னாங்க."

"அதுக்கும் போடுவாங்க. அங்க அளவு வேற, இவருக்கு வேற. முடியெல்லாம் கொட்டாது."

"குணமாயிருமா?"

"குணமாகும்னு சொல்ல மாட்டேன். இதுக்கு மேல இறங்காம நின்னா, அதுதான் நமக்கு ஜெயம். சில பேருக்கு நிக்கும், சில பேருக்கு நிக்காது. போட்டுப் பாத்தாத்தான் தெரியும். ஆனா அந்த அணு உடம்புக்கு நல்லதும் செய்யுது. அது இல்லாதப்போ ஒரு சளி பிடிச்சாலும் பெருசாகிடும். காய்ச்சல்னா அன்னிக்கே வரணும்." என்னைப் பார்த்துச் சேர்த்துக்கொண்டார். "பரவால்லன்னு வீட்டுல இருக்கக் கூடாது."

உடனே போடவில்லை. தூசியில் கிடந்தவன் என்பதால் காசநோய் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று பார்த்தார்கள். மஞ்சள் காமாலைக் கிருமிக்கு இரத்தம் எடுத்தார்கள். நிமோனியாவுக்குத் தடுப்பூசி போட்டு, நாலு வாரம் காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நாலு வாரமும் நான் மீட்டர் பெட்டியின் கண்ணாடியை நிஜமாகவே பார்த்தேன். வேறு செய்ய ஒன்றும் இல்லை.

மருந்து ஏற்றும் அறையில் ஆறு சாய்வு நாற்காலிகள். மற்ற ஐந்திலும் புற்றுநோய்க்காரர்கள். பக்கத்து நாற்காலியில் லால்குடிப் பக்கத்து அம்மா ஒருவர், தலையில் துண்டு கட்டியிருந்தார்.

"உங்களுக்கு எங்கங்க கட்டி?"

"கட்டி இல்லீங்க. தோலு இறுகுது."

"தோலுக்குமா இது?" அவர் என் முகத்தை ஆராய்ந்தார். "பாத்தா பளபளன்னு நல்லாத்தானே இருக்கீங்க."

நர்ஸ் சின்ன வயதுப் பெண். இறுகின தோலுக்கு அடியில் நரம்பு கிடைக்காமல் மூன்று முறை குத்தினாள். ஒரு வாளி வெந்நீர் கொண்டுவந்து கையை முக்கி வைத்து, நாலாவது தடவை பிடித்தாள். ஊசி அசையாமல் இருக்கப் பிளாஸ்திரி ஒட்டினாள். ஒட்டவில்லை. இன்னொன்று ஒட்டினாள். அதுவும் உரிந்து வந்தது. என் கையைத் தடவிப் பார்த்தாள்.

"என்னண்ணா, எண்ணெய் தேய்ச்சிருக்கீங்களா? இன்னிக்கு என்ன தீபாவளியா?"

ஆஸ்பத்திரி நாள் என்றதும் காலையில் கை தானாக எண்ணெய்க் கிண்ணத்துக்குப் போயிருக்கிறது. வேறு வழியில்லாமல் விஷயத்தைச் சொன்னேன். மொட்டை மாடி, வெயில், மூன்று இரண்டானது, இரண்டு ஒன்றானது. அவள் ஸ்பிரிட் பஞ்சால் கையைத் துடைத்துக்கொண்டே சிரித்ததில் என் நாற்காலியே ஆடியது.

"அண்ணா, வழவழன்னு இருக்கான்னா கிள்ளிப் பாக்குறாங்க? தடிமனப் பாக்குறாங்க. குடம் குடமா ஊத்தினாலும் அதுக்கு மார்க் கிடையாது."

அப்படியென்றால் எண் குறைந்தது மாத்திரையால்தான். மாத்திரை தோலுக்குக் கேட்டிருக்கிறது, நுரையீரலுக்குக் கேட்கவில்லை. இத்தனை மாதமும் எண்ணெய்க்கு ஒரு வேலையும் இருந்திருக்கவில்லை. லால்குடி அம்மாவும் சேர்ந்து சிரித்தார்.

அரிப்பு வராமல் இருக்க ஊசி, காய்ச்சலுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு மருந்தைச் சொட்டுச் சொட்டாக ஆரம்பித்தார்கள். கால்மணிக்கு ஒரு தடவை இரத்த அழுத்தம் பார்த்தார்கள். ஒரு மணி நேரம் தாண்டியிருக்கும். தொண்டைக்குள் லேசாக அரித்தது. இருமினேன். அரிப்பு காதுக்குள் ஏறியது. முதுகில் ஒரு நடுக்கம்.

நர்ஸ் அப்போதுதான் உட்கார்ந்து டீயை வாயில் வைத்தாள். நாலு தடவை குத்தி, இரண்டு பிளாஸ்திரி வீணாக்கி, என் கையை வாளியில் பிடித்துக்கொண்டிருந்தவள். சொன்னால் நிறுத்திவிடுவார்கள். நாலு வாரக் காத்திருப்பும் போகும். இந்த மருந்தும் எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று ஆகிவிட்டால் அடுத்து எதுவும் இல்லாமல் போகலாம். கொஞ்சம் பொறுத்தால் தானாக அடங்கிவிடும் என்று என் பதினாறு வருட அனுபவம் சொன்னது. அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஓகேயாண்ணா?"

பரவால்ல என்ற சொல் நாக்கில் வந்துவிட்டது. இதை மிகைப்படுத்திச் சொல்லவில்லை, முதல் எழுத்துக்கு உதடு சேர்ந்துவிட்டது. அதற்கப்புறம்தான் கையைத் தூக்கினேன்.

"தொண்ட அரிக்குதும்மா. உள்ளுக்குள்ள. நடுங்குது."

டீ தம்ளர் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. குழாயை அடைத்தாள், ஆளைக் கூப்பிட்டாள், ஓர் ஊசி போட்டார்கள், கம்பளி போர்த்தினார்கள். டாக்டரம்மா மூன்றாவது மாடியிலிருந்து இறங்கி வந்து பக்கத்தில் நின்றார். அரைமணி நேரத்தில் அடங்கியது. முதல் தடவை இப்படி வருவது உண்டு, சொல்லாமல் விட்டால்தான் ஆபத்து என்றார். பாதி வேகத்தில் மறுபடி ஆரம்பித்தார்கள். முடியும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். லால்குடி அம்மா எப்போதோ போயிருந்தார். போகும்போது என் காலருகே ஓர் ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டுப் போயிருந்தார்.

பதினைந்து நாள் கழித்து இரண்டாவது. அதில் ஒன்றும் வரவில்லை. அப்புறம் ஆறு மாதத்துக்கு ஒரு முறை. மாத்திரையும் தொடர்கிறது, மாதாமாதம் இரத்தப் பரிசோதனையும் உண்டு. போன மழைக்காலத்தில் சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. அன்றைக்கே போய் நின்றேன். ஐந்து நாள் படுக்க வைத்து மருந்து கொடுத்தார்கள், ஏற்றும் தேதியை ஒரு மாதம் தள்ளிப் போட்டார்கள்.

இப்போது ஸ்ரீரங்கம் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு வண்டி ஸ்டாண்டில் டோக்கன் கொடுக்கிறேன். உட்கார்ந்து செய்கிற வேலை. கிளம்பிப் போகிறவர்கள் வண்டியை என்னிடம் விட்டுவிட்டுப் போகிறார்கள். போர் வண்டி முதலாளி வருடத்துக்கு ஒரு தடவை போன் செய்வார். "வண்டி ஜார்க்கண்ட் போவுதுய்யா. ராடு தூக்க வேணாம், சமையல் மட்டும் பண்ணு, வரியா?" என்பார். ஜார்க்கண்டில் எந்த ஊர் என்று கேட்பேன். அந்த ஊரில் டீக்கடை எங்கே இருக்கிறது என்பதுவரை எனக்கு நினைவிருக்கும். வரவில்லை என்று சொல்லிவிட்டு போனை வைத்த பிறகு, கொஞ்ச நேரம் டோக்கனைத் தப்புத் தப்பாகக் கொடுப்பேன். காலுக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை.

அப்படியே இருப்பது என்பது எனக்குத் தெரிந்தவரை தோற்றுப்போன ஆள் செய்கிற காரியம். ஒரே ஊர், ஒரே தெரு, ஒரே வேலை. இந்த நோயில் அதற்குத்தான் இவ்வளவு மருந்து, இவ்வளவு பேர், இவ்வளவு நாள். இன்னும் பழகவில்லை.

போன வாரம் மறுபடி பதினேழு இடங்கள். எண்ணெய் தேய்க்கவில்லை. ஊதும் அறையில் குழந்தைகளுக்கு வைக்கும் சின்னக் குழாயை எனக்காக மாட்டி வைத்திருந்தான் அந்தப் பையன். இப்போது ஓரத்தில் ஒழுகுவதில்லை. தாள்களைப் பார்த்து முடித்து டாக்டரம்மா நிமிர்ந்தார். எப்படி இருக்கிறது என்று கேட்கவில்லை.

"எந்தப் படில நிக்கிறீங்க?"

"மீட்டர் பெட்டிகிட்டதாம்மா."

"போன தடவையும் அங்கதான?"

"அங்கயேதான். ஒரு நாள் மட்டும் பத்துல நின்னேன், அன்னிக்குக் கையில அரிசி மூட்டை. ஒரு நாள் நிக்காம பதினேழு வரைக்கும் போனேன். மத்த நாளெல்லாம் பதினாலு."

அதை அப்படியே எழுதிக்கொண்டார். தாளில் உள்ள எண்ணும் போன வருடத்து எண்ணும் கிட்டத்தட்ட ஒன்றுதான் என்று காட்டினார். அடுத்த தேதியைக் குறித்துக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து படி ஏறினேன். பதினாலில் நின்றேன். மேலே சமையலறையில் தாளிக்கும் சத்தம் அடங்கியது.

"அண்ணே, டாக்டரம்மா என்ன சொன்னாங்க?"

பதில் சொல்ல மூச்சு வேண்டும். அவளுக்கும் அது தெரியும். அவசரப்படுத்தாமல் கரண்டியோடு மேல்படியில் வந்து நின்றாள். நான் பெட்டியில் கையை ஊன்றிக்கொண்டு, அது வரும்வரை காத்திருந்தேன்.

"அப்படியே இருக்காம்" என்றேன்.